கூலியும் கொச்சையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பேச்சுப் போட்டி ஒன்றில் மணி அடிக்கும் பணி நமக்கு வாய்த்தது. மாட்டுங்கா வட்டாரத்து மண்டபம் ஒன்றில் நடந்த போட்டி அது. நடத்திய அமைப்பின் பெயர் ஈண்டு வேண்டா. ‘தாய்மொழியின் சிறப்பு’ என்பது தலைப்பு. தாராவியிலிருந்து வந்திருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், மற்றவர்களைப் போல் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காமல், தன் பாட்டனார் நெல்லைச் சீமையை விட்டு வந்த கதையைச் சொல்லத் தொடங்கினான். “எங்க தாத்தா பைய நடந்து டேசனுக்கு வந்தாவ, பொறவு...” என்று அவன் சொன்ன அளவிலேயே முன் வரிசையில் சிரிப்பு எழுந்தது. நடுவர் ஒருவர் மதிப்பெண் தாளில் ‘கொச்சை’ என்று எழுதி அடிக்கோடும் இட்டார். சிறுவன் மேலும் இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்த்தான். பின்னர் வணக்கமும் கூறாது மேடையை விட்டு இறங்கிவிட்டான். அவனுக்குரிய ஐந்து மணித்துளியில் இன்னும் மூன்று மிச்சம் இருந்தன. நாம் மணியைத் தொடவில்லை. வேறு ஒன்றும் செய்யவுமில்லை.

அன்று வாய் திறவாத குறைக்கு ஈடாகவே, உழைப்பாளி மக்களின் பேச்சு எவ்வாறு ‘கொச்சை’ எனப் பெயர் பெற்றது என்பதைப் பற்றி நாம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம். நாம் புலவர் அல்லோம்; பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் எழுதுபவர். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

முதற்கண் இலக்கணம் கூறுவதைப் பார்ப்போம். சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்த தொல்காப்பியர், அந்நான்கும் செய்யுள் இயற்றுதற்கு உரியவை என்றே கூறினார். திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடம் உண்டு. அதே நூலின் மரபியலில், வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் கருத்தும் உள்ளது. யார் அந்த உயர்ந்தோர் என்பதில்தான் சிக்கல். அறிவாலும் ஒழுக்கத்தாலும் உயர்ந்தோர் என்று நாம் வாயால் சொல்கிறோம். நடைமுறையில் சலவைச் சட்டையைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.

கொச்சைக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் தமிழர் எவரும் சென்னை ரிக்‌ஷாக்காரரின் பேச்சையே முதலில் காட்டுவர். அப்பேச்சு உருவான கதை மிகச் சுவையானது. 1639ஆம் ஆண்டு தெலுங்கு நாயக்கர் ஒருவரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி பெற்ற மணல் திட்டில் எழுந்தது சென்னைப் பட்டினம். அதற்கு முன்பே சாந்தோமில் போர்ச்சுகீசியரும், வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரரும் குடியேறியிருந்தனர். பின்னர், 1768இல் ஆர்க்காட்டு நவாபு சேப்பாக்கத்தில் அரண்மனை எழுப்பவே, தக்கணி உருது பேசும் மக்கள் திரளாக வந்து சேர்ந்தனர். துறையில் மூட்டை இறக்கியவரும், குதிரை மேய்த்தவரும், பல்லக்குச் சுமந்தவரும் நாள்தோறும் ஐந்தாறு மொழியினரிடம் பேசிப் பிழைக்க வேண்டியவர்கள். எசமானன் எந்த மொழியில் ஏசுகிறான் என்பதைப் புரிந்துகொண்டால்தான் அன்றைய சோறு. எனவே சொற்கள் ஒட்டிக்கொண்டன. ‘நைனா’, ‘டப்பு’ ஆகியவை தெலுங்கு தந்தவை. ‘பேஜார்’ பாரசீகத்திலிருந்தும், ‘நாஸ்தா’வும் ‘பேமானி’யும் உருது வழியாகவும் வந்தன. ‘துட்டு’ என்பது டச்சுக்காரரின் செப்புக் காசின் பெயர் என்பர். ‘ஜல்சா’ அரபுச் சொல். அமர்வு என்பது அதன் பொருள். சென்னையில் அது கேளிக்கையைக் குறிக்க, மராட்டியத்தில் சத்தியசோதகத் தொண்டரும் அம்பேத்கர் வழியினரும் சீர்திருத்தக் கருத்துகளைப் பாடி நடித்த மேடைக்கும் ‘ஜல்சா’ என்றே பெயர் வந்தது.

கற்றோரும் இவ்வாறே கடன் வாங்கியவர்கள்தாம். ‘ஜன்னல்’, ‘சாவி’, ‘அலமாரி’ மூன்றும் போர்ச்சுகீசியச் சொற்கள். அவற்றை நாம் வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். எவரும் கொச்சை என்று சொல்வதில்லை. பங்களாவில் புகுந்த சொல்லுக்கு மதிப்பும் படகுத்துறையில் புகுந்த சொல்லுக்கு இழிவும் வந்தன.

இனி, அப்பேச்சில் உள்ள தமிழைக் காண்போம். ‘வூட்டாண்ட’ என்று கேட்டதும் நகைப்போர், அது ‘வீட்டண்டை’ என்பதன் திரிபு எனவும், அண்டை என்பது அருகு எனப் பொருள்படும் நல்ல தமிழ்ச்சொல் எனவும் எண்ணுவதில்லை. ‘அப்பால’ என்பது ‘அப்பால்’. ரிக்‌ஷாவை ‘வலிச்சுகினு’ போகிறேன் என்பார் அத்தொழிலாளி. வலித்தல் என்றால் இழுத்தல்; துடுப்பு வலித்தல் என்று நாமும் எழுதுகிறோமே! நாம் ‘இழுத்துக்கிட்டு’ என்போம். ‘இழுத்துக்கொண்டு’ என்பது நம் வாயில் ஒரு வகையாகவும் அவர் வாயில் வேறு வகையாகவும் தேய்ந்துள்ளது. தேய்ந்தது என்னவோ இரண்டுந்தான். அவர் பழத்தைப் ‘பயம்’ என்றால் சிரிப்பு வருகிறது. மதுரைக்காரரும் நெல்லைக்காரரும் ‘பளம்’ என்றால் சிரிப்பு வருவதில்லை. ழகரத்தை இருவருமே கைவிட்டனர். ஒருவர் செய்தால் வட்டார வழக்கு, மற்றவர் செய்தால் நாக்கு வளையாத குறை என்பது எவ்வூர் நியாயம்?

வசைச் சொற்களுள் தலைசிறந்ததாகக் கருதப்படும் ‘கஸ்மாலம்’ பற்றி ஒன்று கூற வேண்டும். இது ‘கச்மலம்’ என்னும் வடசொல். அழுக்கு, சோர்வு, மனமயக்கம் என்பன அதன் பொருள். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்து இரண்டாம் சுலோகத்தில், போர்க்களத்தில் மனந்தளர்ந்த அருச்சுனனை நோக்கிக் கண்ணன் ஆளும் சொல் அது. கண்ணன் வாயில் உபதேசம். ரிக்‌ஷாக்காரர் வாயில் வசவு. ‘சாவுகிராக்கி’ என்பதில் உள்ள கிராக்கியும் வாடிக்கையாளர் என்று பொருள்படும் வடசொல்லின் திரிபே. நம் மும்பைக் கடைக்காரர் ‘கிராஹக்’ என்பதும் அதுவே. பேசிய கூலியை இறங்கும் இடத்தில் குறைக்கும் கிராக்கிக்கு அத்தொழிலாளி இட்ட பெயர் அது. அவரை ‘டேய்’ என்று அழைத்து ஏறிய கனவான்கள், இறங்கும்போது பதிலுக்கு வாங்கிய சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, ‘பண்பற்ற கூட்டம்’ என்று முடிவு கட்டினர்.

அம்முடிவைத் திரைப்படம் ஊரெங்கும் பரப்பிற்று. 1958இல் வெளிவந்த ‘சபாஷ் மீனா’வில் ஜே. பி. சந்திரபாபு இரட்டை வேடம் ஏற்றார். அவற்றுள் ஒன்று சென்னைப் பேச்சுப் பேசும் ரிக்‌ஷாக்காரர். சந்திரபாபு தூத்துக்குடியிற் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். அப்பேச்சின் தாளத்தைச் செவியால் கற்றுக் கையாண்ட அவரது திறமையை நாம் குறை கூறவில்லை, நாமும் சிரித்தவர்களே. ஆனால் அவருக்குப் பின் வந்தோர் பலர் அத்திறமையை விட்டு நையாண்டியை மட்டும் எடுத்துக்கொண்டனர். கைலியை மடித்துக் கட்டி, வாயில் பீடியுடன், நான்கு சொல் உளறினால் தொழிலாளி வேடம் முடிந்தது. அதே பேச்சை இரக்கத்தோடும் மதிப்போடும் எழுதிக் காட்டியவர் ஜெயகாந்தன். சேரி மக்களை வைத்து அவர் எழுதிய ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலை அவரே இயக்கி 1965இல் படமாகவும் வெளியிட்டார். மனிதனை மனிதன் வைத்து இழுக்கும் கைரிக்‌ஷா 1973இல் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது. வண்டி ஒழிந்தது, வேடம் ஒழியவில்லை.

இந்நோய் நமக்கு மட்டும் உரியது அன்று. ஆசுத்திரேலியாக் கண்டத்தின் வரலாற்றைப் பாருங்கள். 1788 முதல் ஆங்கிலேயர் தம் நாட்டுக் கைதிகளைக் கப்பலேற்றி அங்கு அனுப்பினர். 1868 வரை அது நீடித்தது. இலண்டன் தெருக்களின் பேச்சு அவர்களோடு கடல் தாண்டிற்று. ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற கைதி, தன் கூட்டத்தாரின் குழூஉக்குறிச் சொற்களை 1812இல் தொகுத்தெழுதினான். அது 1819இல் அச்சேறிற்று. அக்கண்டத்தில் தொகுக்கப்பட்ட முதல் அகராதி ஒரு கைதி எழுதியது! பின்னர் ஆட்டு மயிர் கத்தரிப்போரும், சுரங்கத் தொழிலாளரும், துறைமுகத் தொழிலாளரும் அப்பேச்சை வளர்த்தனர். நாகரிகம் உடையோர் இங்கிலாந்து உச்சரிப்பைப் பயின்று, உழைப்பாளியை முரடன் என்றனர். 1915இல் சி. ஜே. டென்னிஸ் என்ற கவிஞர் மெல்போர்ன் தெருமுரடன் ஒருவனின் காதலையும் இல்லறத்தையும் அவனது சொந்தப் பேச்சிலேயே பாடி வெளியிட, மக்கள் அந்நூலை விரும்பி வாங்கினர். 1945இல் சிட்னி பேக்கர் அந்நாட்டு மொழி பற்றிப் பெரிய நூலே எழுதினார். ஆயினும் 1965இல், அவ்வுச்சரிப்பை நையாண்டி செய்த சிறு நூல் ஒன்று மிகவும் புகழ்பெற்றது. சொற்களைத் தொகுத்தவன் கைதி, சிரித்தவர் கனவான்கள். சென்னைக் கதைக்கும் இதற்கும் தொலைவு மிகுதியில்லை.

நிற்க. நாம் வாழும் மும்பைக்கு வருவோம். பருத்தி ஆலைகள் பெருகிய காலத்தில் கொங்கணத்திலிருந்தும் மலைத்தொடருக்கு அப்பாலிருந்தும் வந்த மராட்டிய உழைப்பாளிகளுக்கு, இவ்வூரின் செல்வர் வைத்த பெயர் ‘காட்டீ’ என்பது. ‘காட்’ என்னும் மலைப்பகுதியார் என்பதே அதன் பொருள். ஆனால் அதனை ஓர் ஏச்சாகவே எறிந்தனர். தம் சொந்த மாநிலத்தின் தலைநகரிலேயே அவர்கள் பேச்சு நகைப்புக்கு இடமாயிற்று. 1972இல் நாம்தேவ் தசால் ‘கோல்பிட்டா’ என்னும் கவிதை நூலைக் காமாட்டிபுரத்துத் தெருப்பேச்சில் எழுதி வெளியிட்டபோது, மராட்டி இலக்கியம் கற்றோர்க்கே பல சொற்கள் விளங்கவில்லை. அவர்கள் வாழும் நகரத்தின் சொற்கள்தாம் அவை.

மும்பையின் உழைப்பாளி மொழியில் நமக்கு மிகவும் பிடித்த சொல் ‘பகார்’. மாத இறுதியில் நம் அலுவலகச் சாளரத்தில் கேட்கப்படும் சொல் அதுவே. மும்பைத் தீவுகள் 1534 முதல் 1661 வரை போர்ச்சுகீசியர் வசம் இருந்தன. பணம் கொடுத்தல் என்னும் பொருளுடைய அவர்களது சொல் இங்குச் சம்பளம் ஆகிவிட்டது. ஆண்டவர் போய்விட்டனர், உழைத்தவர் வாயில் சொல் மட்டும் நின்றது.

பகார் உள்ளே வந்த சொல். கூலி வெளியே சென்ற சொல். சுமை தூக்குவோரை உலகெங்கும் ஆங்கிலேயர் ‘கூலி’ என்று அழைத்தனர். அது நம் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார். மேலைக் கடற்கரையின் கோலி மக்களது பெயரிலிருந்து வந்தது என்பார் மறுசாரார். 1886இல் வெளிவந்த ‘ஆப்சன் ஜாப்சன்’ அகராதி இரண்டையும் ஆராய்கிறது. தாராவித் தமிழர் இவ்விரண்டில் எதற்கும் அயலார் அல்லர். கோலி மீனவரின் பழைய குப்பங்களுள் ஒன்றே தாராவி; அவ்விடத்தில் வந்து கூலி வேலை செய்தவர் நம் பாட்டன்மார்.

இச்சொல் பட்ட பாட்டைச் சிறிது சொல்ல வேண்டும். திருவள்ளுவர் 619ஆம் குறளில், முயற்சியின் பெருமையைச் சொல்லும் இடத்தில், இச்சொல்லைப் பெருமிதத்தோடு வைத்தார். மெய் வருந்தியதற்குக் கிடைக்கும் பயன் அது. ஆங்கிலேயரோ ஊதியத்தின் பெயரை ஆளின் பெயராக்கினர். இலங்கைத் தோட்டங்களில் துரைமார் தமிழ் பயில்வதற்கு அச்சிட்ட கைந்நூல் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’; மற்றொன்றின் பெயர் ‘கூலித் தமிழ்’. ‘வாருங்கள்’ என்பதற்கு அட்டையில் இடமில்லாமற் போயிற்றுப் போலும்! 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளையே ‘கூலி வக்கீல்’ என்றனர். அங்குத் தமிழர் பலர் பெயர் ‘சாமி’ என முடிந்ததால், இந்தியர் எல்லாரையும் ‘சாமி’ என்று இழிவாக அழைத்ததையும் அவர் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். நம் இரயில் நிலையங்களிலும் சிவப்புச் சட்டை அணிந்தவர் நெடுங்காலம் கூலி என்றே அழைக்கப்பட்டார். 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 25இல் இரயில்வே வரவு செலவுத் திட்டத்தை அளித்த அமைச்சர் சுரேஷ் பிரபு, அவர்கள் இனி ‘சகாயக்’ எனப்படுவர் என்று அறிவித்தார். நல்லதே. ஆயினும் தாதர் மேடையில் பயணியர் இன்றும் எவ்வாறு கூவுகின்றனர் என்பதைக் கேட்டவர் அறிவர்.

நம்மை இவ்வூரார் நகையாடிய காலமும் மறக்கத்தக்கது அன்று. 1966இல் சிவசேனை தோன்றியதை அடுத்து, தென்னாட்டார்க்கு எதிரான கிளர்ச்சி மூண்டது. நம் உடை ‘லுங்கி’ என ஏளனம் செய்யப்பட்டது. நம் நான்கு மொழிகளும் ‘யண்டு குண்டு’ என்னும் ஓர் ஒலிக்குள் அடக்கப்பட்டன. 1968இல் வெளிவந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற பிள்ளைவாள் என்னும் பாட்டு வாத்தியார், குடுமியும் இழுத்த பேச்சுமாக நாடு முழுவதையும் சிரிக்க வைத்தார். மாட்டுங்காவின் தட்டெழுத்தரும் தாராவியின் தோல் தொழிலாளியும் அந்நாளில் ஒரே ‘மதராசி’. இன்று அக்கசப்புப் பெரிதும் தணிந்து, கணபதி விழாவில் ஒருவர் பந்தலுக்கு மற்றவர் செல்கிறோம். ஆனால் நமக்குள் ஒரு கோடு அன்றும் இருந்தது.

மும்பை நகர மேம்பாட்டு அறக்கட்டளை 1898இல் ஏற்பட்டு, தாதர், மாட்டுங்கா மனைகளைத் திருத்திய பின், ஆங்கிலம் கற்ற தென்னாட்டுக் குடும்பங்கள் அங்குக் குடியேறின. 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்குத் தோன்றிப் பல்லாயிரவர்க்குக் கல்வி அளித்தது. இரயில் பாதைக்கு மேற்கே, சதுப்பு நிலத்தை அடுத்த தாராவியில், நெல்லை மாவட்டத்திலிருந்து வந்த ஆதிதிராவிடரும் இசுலாமியரும் தோல் பதனிட்டனர். இடையே நடக்கும் தொலைவுதான். ஆனால் இப்பக்கத்தார் அப்பக்கத்தாரின் பேச்சைக் கொச்சை என்றனர்.

நாம் அப்பக்கத்தில் பிறந்தவர். நம் தந்தையார் தோல் கூடத்தில் வேலை செய்தவர். நாம் எட்டாம் வகுப்புப் படிக்கையில், பள்ளிக்குக் கையொப்பமிட வந்த அவரை வாயிலிலேயே நிறுத்தி, “உள்ளே வந்து ஒன்றும் பேசாதீர்கள், கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்றோம். “சரிலே, பேசல” என்றார் அவர். ஆசிரியர் இருக்கை கொடுத்துக் கேள்வி கேட்டபோதும் தலையை மட்டும் அசைத்தார். அவருக்குப் பேச்சு வராது என்று ஆசிரியர் எண்ணியிருக்கக்கூடும். ஊர்ச் சாவடியில் விடிய விடியக் கதை சொன்ன மனிதர் அவர். நம் நாக்கை நாம் மெல்ல மாற்றிக்கொண்டோம்; இப்போது செம்பூரில் நம் வீட்டில் ‘பிறகு’ என்கிறோம்; ‘பொறவு’ போய்விட்டது. தந்தையார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆயின. அவர் சொன்ன கதைகளை நம் மக்களுக்குச் சொல்ல முயன்றால், அவர் சொற்கள் நம் வாயில் வருவதில்லை. வந்த அளவுக்கு மக்கள் சிரிக்கின்றனர்.

அச்சிறுவன் சொன்ன ‘பைய’ என்னும் சொல், திருஞானசம்பந்தர் தேவாரத்தில் உள்ள சொல் என்பதைப் பின்னர் ஒரு தமிழாசிரியரிடம் கேட்டறிந்தோம். அதைச் சொல்லி அந்நடுவரைத் திருத்த வேண்டும் என்று முதலில் தோன்றிற்று. பின்னர், தேவாரத்தில் இல்லாவிட்டால் மட்டும் சிரிக்கலாமோ என்றும் தோன்றிற்று. கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி வட்டார வழக்கு அகராதி ஒன்றை 1982இல் வெளியிட்டாரே, அதற்குச் சான்று கொடுத்தவர்கள் தேவாரம் ஓதியவர்கள் மட்டும் அல்லர். ஏர் பிடித்தவர்களும் கிணறு வெட்டியவர்களும் அவர்களுள் அடங்குவர். தாராவியிலோ நெல்லைச் சொல்லுக்கு மேல் மும்பைச் சொல்லும் படிந்து வருகிறது. ‘கோலி’ என்றால் அங்கு அறை, ‘பாடா’ என்றால் வாடகை, ‘காலிபீலி’ என்றால் வீணாக. “காலிபீலி ஏம்லே சண்ட போடுத?” என்று ஒரு மூதாட்டி பேரனை அதட்டியதைச் சென்ற மழைக்காலத்தில் அங்குள்ள தொண்ணூறடிச் சாலையில் கேட்டு, வீடு வந்ததும் குறித்துவைத்தோம். இதுவரை நம் குறிப்பேட்டில் நூற்றுக்கு மேல் சொற்கள் சேர்ந்துள்ளன.

இவ்வாண்டு விழாவில் பேச்சுப் போட்டியுடன், அவரவர் வீட்டு வழக்கில் கதை சொல்லும் போட்டி ஒன்றும் சேர்க்க வேண்டும் என்று செயற்குழுவில் கேட்டோம். மழலையர் உடைப் போட்டிக்கே நேரம் போதவில்லை என்று சிலர் தயங்கினர், முடிவில் இசைந்தனர். அறிவிப்பை நாமே கொண்டுபோய்த் தாராவிச் சந்துகளில் ஒட்டினோம். அச்சிறுவன் வீட்டையும் தேடிப் பிடித்தோம். இப்பொழுது வளர்ந்து இளைஞனாகியிருக்கிறான். தோல் பை தைக்கும் பட்டறைக்குப் போகிறான். வயது வரம்பைக் கடந்துவிட்டேனே என்றான். வரம்பு வைக்கவில்லை என்றோம். “பாப்போம், அண்ணாச்சி” என்று சொல்லி ஊசியில் நூலைக் கோத்தான். இம்மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை பதினொரு பெயர்கள் வந்துள்ளன. அவற்றுள் அவன் பெயர் இல்லை. பெயர் கொடுக்க விழா நாள் காலை பத்து மணிவரை இடமுண்டு. மணி அடிக்கும் பணி இம்முறையும் நமக்கே.